ஏ.என்.எம். படித்தவர் ஆர்.என். ஆக: தொலைநிலைக் கல்வியா, நேரடிப் படிப்பா?

போன மாதம் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்த நோட்டீஸைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் கொண்டுவந்தாள். "எக்கா, வேலைய விட வேண்டாமாம், வீட்டுல இருந்தே ஜி.என்.எம். முடிக்கலாம்னு சொல்லுதாவ. அட்வான்ஸ் மட்டும் இப்பமே கட்டணுமாம்" என்றாள். அவள் ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர் படிப்பு முடித்தவள். ஜி.என்.எம். அதற்கு மேல் உள்ள செவிலியர் டிப்ளமா. ஆறு வருடமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு பார்க்கிறாள். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பிடித்துவிட்டால் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். அந்த அட்வான்ஸைக் கட்டாதே என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் கட்டக் கூடாது, பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதை விளக்க இரண்டு மணிநேரம் ஆனது. அதே சந்தேகத்தோடு நம் மாவட்டத்தில் இன்னும் பல பிள்ளைகள் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஜி.என்.எம். முடித்து வேலை பார்த்துக்கொண்டே இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், ஜி.என்.எம். படித்தவர்களுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். தொலைநிலைக் கல்வியால் பலன் கண்டவள் என்பதால், அது எதைத் தரும், எதைத் தராது என்று கொஞ்சம் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வெள்ளை உடுப்புப் போட்ட எல்லாரையும் நம் ஊரில் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நெய்யூரில் 1838-ல் மிஷன் வைத்தியம் தொடங்கிய காலத்திலிருந்து ஆஸ்பத்திரியோடு பழகிய மாவட்டம் இது. ஆனாலும் யார் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்பதை நோயாளியும் கேட்பதில்லை, பல நேரம் வேலை பார்க்கிற பிள்ளைக்கே தெரிவதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ 'நர்சிங் அசிஸ்டென்ட்' சர்டிபிகேட் படித்தவர்கள் நர்சிங் கவுன்சிலின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் எந்தப் படிப்புக்குப் போனாலும் பிளஸ் டூ மார்க்கை வைத்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஏ.என்.எம். படித்தவர் துணைச் செவிலியராகப் பதிவானவர். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பதிந்தால்தான் ஆர்.என்.ஆர்.எம்., அதாவது பதிவுபெற்ற செவிலியரும் மருத்துவச்சியும். நம் மாநிலத்தில் இந்தப் பதிவுகளைச் செய்வது தமிழ்நாடு செவிலியர் கவுன்சில். அதன் அலுவலகம் சென்னை சாந்தோமில் இருக்கிறது.

ஆர்.என். என்கிற படி ஜி.என்.எம்-மிலேயே வந்துவிடுகிறது. பி.எஸ்சி. அதற்கு மேல் உள்ள பட்டம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் நோட்டீஸ் அடிக்கிறவர்கள் பிழைக்கிறார்கள். "நர்சிங் தொலைநிலையில் படிக்கலாம், இக்னோவே நடத்துகிறது" என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை ஏற்கெனவே ஆர்.என். ஆனவருக்கு மட்டும். ஏ.என்.எம்-மிலிருந்து ஆர்.என். ஆகும் படியைத் தபாலில் ஏற முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் தொலைநிலை ஜி.என்.எம். எதையும் அங்கீகரிக்கவில்லை. மூன்று வருடம் பணம் கட்டி, கையில் ஒரு காகிதத்தோடு சாந்தோம் போய் நின்றால், பதிவு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

"வெளிநாட்டில் மட்டும் இருக்கிறதே" என்று அவள் ஒரு கேள்வி கேட்டாள். நியாயமான கேள்விதான். கனடாவில் அத்தபாஸ்கா பல்கலைக்கழகம் பிராக்டிகல் நர்ஸாக (எல்.பி.என்., ஆர்.என்-னுக்குக் கீழ்ப்படி) உரிமம் பெற்றவர்களுக்கு இணையவழியில் பி.என். என்கிற நர்சிங் பட்டம் நடத்துகிறது. அமெரிக்காவில் எக்ஸெல்சியர் பல்கலைக்கழகம் பல வருடமாக இதே வேலையைச் செய்கிறது. ஆனால் இரண்டுமே அந்த நாட்டில் உரிமம் பெற்று வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து நடப்பவை. நம் ஏ.என்.எம். பதிவை அங்கே உள்ள எல்.பி.என். உரிமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தபாஸ்காவிலும் பாடம்தான் இணையத்தில். வார்டுப் பயிற்சிக்கு ஆல்பர்ட்டாவில் போய் நிற்க வேண்டும். எக்ஸெல்சியரில் 2003 டிசம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்களைக் கலிஃபோர்னியா மாநிலம் ஆர்.என். உரிமத்துக்கு ஏற்பதில்லை. ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளியின் பக்கத்தில் நின்ற பயிற்சி போதாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அது சரியாகவே படுகிறது. கத்தீட்டர் போடுவதைப் புத்தகத்தில் எத்தனை தடவை வாசித்தாலும், முதல் தடவை போடும்போது தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்.

ஆக, ஏ.என்.எம். படித்தவருக்கு உள்ளபடியே இருக்கிற வழிகள் இரண்டு. இரண்டும் நேரடிப் படிப்புதான்.

ஒன்று ஜி.என்.எம். முன்பு மூன்றரை வருடமாக இருந்தது, இப்போது 3 வருடம். ஏ.என்.எம். முடித்தவர் என்பதற்காக ஒரு வருடம்கூடக் குறைக்க மாட்டார்கள். முதல் வருட அனாட்டமியிலிருந்துதான் தொடக்கம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சேர்ந்த பிறகு பிள்ளைகள் மனமுடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. மற்றவர்களுக்கு ஜி.என்.எம். சேர 35 வயது உச்சவரம்பு, பிளஸ் டூவில் 40 சதவீத மார்க்கும் வேண்டும். பதிவுபெற்ற ஏ.என்.எம்-முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதியில் வயது வரம்பு இல்லை, தேர்ச்சி பெற்றிருந்தாலே போதும். நாற்பதை நெருங்குகிற அக்காமார் "இனி நம்மள எங்க எடுப்பாவ" என்று சொல்வதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தால் மாத உதவித்தொகையும் உண்டு.

மற்றது நேரே பி.எஸ்சி. நர்சிங், 4 வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து மொத்தம் 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். ஏ.என்.எம். எந்தக் குரூப் படித்தவரும் சேரக்கூடிய படிப்பு என்பதால், பலரிடம் இந்தத் தகுதி இருக்காது. இருப்பவர்களோ அதை மறந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஜி.என்.எம். 3, அனுபவம் 2, பிறகு இக்னோவில் 3 என்று போனால் பட்டம் வாங்க 8 வருடம். ஜி.என்.எம். முடித்த கையோடு கல்லூரியில் போஸ்ட் பேசிக் சேர்ந்தால் 5 வருடம். நேரே பி.எஸ்சி. என்றால் 4. அறிவியல் குரூப் படித்த, இருபதுகளில் இருக்கிற ஏ.என்.எம். பிள்ளைக்கு நான் ஜி.என்.எம்-மைச் சொல்லவே மாட்டேன். இடமும் பணமும் கூடிவந்தால் பி.எஸ்சி-க்கே போகட்டும்.

இனி ஜி.என்.எம். முடித்தவர்களின் கதை. தொலைநிலைக் கல்விக்கும் கல்லூரிக்கும் உண்மையான போட்டி இங்கேதான்.

கல்லூரிப் போஸ்ட் பேசிக் 2 வருடம். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. பதிவு கைக்கு வந்ததும் சேரலாம், வேலை அனுபவம் கேட்பதில்லை. இக்னோவில் குறைந்தது 3 வருடம், நுழைவுத் தேர்வும் உண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு ஜி.என்.எம். படித்தவர் பதிவுக்குப் பின் 2 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். பழைய முறையில் பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். போனவர்களுக்கு 5 வருடம். அந்தப் பழைய அக்காமார்களுக்கு இன்றும் பட்டத்துக்குத் திறந்திருக்கிற கதவு என்பதாலேயே எனக்கு இக்னோவின் மேல் மரியாதை அதிகம். ஆண் செவிலியர் மகப்பேறுப் பாடம் படிக்காதவராக இருந்தால், அதற்கு ஈடாகக் கவுன்சில் ஏற்ற 6 முதல் 9 மாதப் பயிற்சிச் சான்று ஒன்று வேண்டும்.

கட்டணம் இக்னோவில் குறைவு என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என் கணக்கில் பெரிய தொகை அதுவல்ல, நிற்காமல் வந்துகொண்டிருக்கிற சம்பளம். இரண்டு வருடம் வேலையை விட்டால், கல்லூரிக் கட்டணத்தோடு இருபத்து நான்கு மாதச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்கு எழுத வேண்டும். வீட்டுக் கடனும் சீட்டும் ஓடுகிற குடும்பத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் தொலைநிலை என்ற சொல்லை நம்பி ஏமாறவும் கூடாது. பாடத்தைத்தான் வீட்டில் படிக்கிறோம். செய்முறைக்கு ஒதுக்கிய மையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அந்த நாட்களில் வருகை கட்டாயம். நம் மாவட்டம் இக்னோவின் திருவனந்தபுரம் மண்டல மையத்தின் கீழ் வருகிறது. எனக்குக் கிடைத்த மையமும் கேரளப் பக்கம்தான். நைட் டூட்டி முடித்து, யூனிஃபார்மை மாற்றாமலே குழித்துறை ஸ்டேஷனுக்கு ஓடி, பாறசாலை தாண்டும்வரை நின்றபடி தூங்கியிருக்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரி, சேரும்போது லீவு தருகிறோம் என்று வாயால் சொன்னது. இரண்டாம் வருடம் செய்முறை நாட்கள் வந்தபோது, ஆள் இல்லை என்று கையை விரித்தது. என் ஆஃப்களையெல்லாம் சேர்த்துவைத்து, கூடப் படித்தவளோடு ஷிஃப்ட் மாற்றி, பத்து நாளில் ஏழுதான் தேறியது. மீதியை அடுத்த சுற்றில் முடித்தேன். மூன்று வருடப் படிப்பு எனக்கு நான்கானது அப்படித்தான். லீவை எழுத்தில் வாங்காமல் விண்ணப்பம் போடாதீர்கள். நான் செய்த தவறு இது.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில். கல்லூரியில் டியூட்டர் தமிழில் விளக்கிவிடுவார், தொலைநிலையில் அகராதியும் நாமும்தான். அசைன்மென்ட்டை யாரிடமாவது வாங்கிப் பார்த்து எழுதுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி எழுதியவர்கள் முடிவுத் தேர்வில் தடுக்கி விழுந்ததையும் பார்த்தேன். எனக்குக் கைகொடுத்தது வார்டுதான். பகலில் சர்க்கரை நோய் பாடம் படித்துவிட்டு ராத்திரி டூட்டிக்குப் போனால், அதே பாடம் ஐந்தாம் நம்பர் கட்டிலில் படுத்திருக்கும். கல்லூரியில் படித்த தோழிகளிடம் இல்லாத ஒரு லாபம் இது. அவர்களிடம் இருந்ததும் என்னிடம் இல்லை: ஆராய்ச்சி, கற்பித்தல் போன்ற பாடங்களில் கூடவே உட்கார்ந்து திருத்துகிற ஆசிரியர். பிற்பாடு டியூட்டராகவோ எம்.எஸ்சி-க்கோ போக நினைப்பவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று நான் சொல்வது அதனால்தான். எம்.எஸ்சி. சேர 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் கேட்பார்கள். போஸ்ட் பேசிக் படித்தவருக்கு அந்த அனுபவம் படிப்புக்கு முந்தியதாக இருந்தாலும் செல்லும்.

பட்டம் உண்மையில் தேவையா என்று கேட்டால், போகிற இடத்தைப் பொறுத்தது. நம் மாநிலத்தில் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு ஜி.என்.எம்-மே தகுதிதான். இங்கிலாந்தின் செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி. பதிவுக்கும் ஜி.என்.எம்-மோடு போனவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அங்கே பட்டத்தைவிட ஆங்கிலத் தேர்வுதான் மலை: ஐ.இ.எல்.டி.எஸ்-ஸில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. சவுதியில் டிப்ளமா என்றால் டெக்னீஷியன், பட்டம் என்றால் ஸ்பெஷலிஸ்ட் என்று வகை பிரித்துவிடுகிறார்கள். சம்பளமும் அதற்கேற்பத்தான் இருக்கும். வளைகுடா போகிறவர்கள் எந்தப் படிப்பாக இருந்தாலும் கேரள அரசின் நோர்க்கா, ஒடெபெக், நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு முகமைகள் வழியாகவே போங்கள். எமிக்ரேஷன் அனுமதி தேவைப்படுகிற நாடுகளுக்கு 2015-லிருந்து விதியும் அதுதான்.

எய்ம்ஸ் நர்சிங் ஆஃபீசர் தேர்வான நார்செட் தனிக்கதை. பொது வயது வரம்பு 30, இட ஒதுக்கீட்டில் தளர்வு உண்டு. பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் இருந்தால் அனுபவம் கேட்பதில்லை. ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் வேண்டும். எட்டு வருடப் பாதையில் போனால் பட்டம் கைக்கு வருமுன் பலருக்கு வயது தாண்டிவிடும். எய்ம்ஸ் ஆசை இருக்கிற பிள்ளை இக்னோவுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஜி.என்.எம். அனுபவத்தோடே எழுதிப் பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பிளஸ் டூவில் தொழிற்கல்விக் குரூப். பி.எஸ்சி. கதவு மூடியிருக்கிறது, வேலையைவிட்டு மூன்று வருடம் படிக்க வேண்டுமே என்று அழுதாள். மாமியாரையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் பேசினோம். இந்த வருடம் அரசுப் பள்ளி ஜி.என்.எம்-முக்கு மட்டும் விண்ணப்பம் போடுகிறாள். கிடைக்காவிட்டால், கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிற தனியார் பள்ளியா என்று பார்த்த பிறகுதான் அடுத்த யோசனை. ஜி.என்.எம். முடித்து முதல் வேலை தேடும்போது, சம்பளம் ஐந்நூறு குறைந்தாலும் ஐம்பது படுக்கைக்குமேல் உள்ள இடமாகப் பார் என்று சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து கிளம்பும் நாளில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் எத்தனை படுக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதி வாங்கிக்கொள். பிறகு போய்க் கேட்டால் அந்த வார்டு இன்சார்ஜே மாறியிருப்பார்.