விலை கூடிய ஸ்கேன்தான் நல்ல ஸ்கேனா?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். “அத்தைக்கு மறதி என்கிறீர்கள், எம்ஆர்ஐயோடு ஏன் நிறுத்தினீர்கள்? பெட் ஸ்கேன் எடுங்கள், அதுதான் விலை கூடியது.” வௌவால் மீனுக்குச் சரியான கணக்கு. எக்ஸ்ரே கதிரால் படமெடுக்கும் சிடிக்கு மேல் காந்தத்தால் படமெடுக்கும் எம்ஆர்ஐ, அதற்கு மேல் பெட் என்று நம்மில் பலரும் இப்படித்தான் ஏணி போட்டு வைத்திருக்கிறோம்.

ஏணியின் அடிப்படியிலிருந்தே பார்ப்போம். பக்கவாதம் வந்து வாய் கோணி, ஒரு கை தளர்ந்தவரை 995 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் முதலில் பெரும்பாலும் சிடி அறைக்குத்தான் தள்ளிச் செல்வார்கள். “பழைய மெஷினில் போட்டுவிட்டார்கள்” என்று உறவினர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். பழையதுதான், 1971இல் லண்டனில், விம்பிள்டன் பகுதி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலையைப் படமெடுத்ததில் தொடங்கிய கருவி. ஆனால் அந்த நேரத்தில் மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டியது, மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்பது. புதிதாகக் கசிந்த இரத்தம் சிடியில் வெள்ளை வெளேரென்று தெரியும். கசிவு இல்லையென்றால்தான் இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியும். அதற்கும் அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் வழக்கமான கெடு. சிடி சில நிமிடங்களில் முடிந்துவிடும். எம்ஆர்ஐக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். நோயாளி அசையாமல் கிடக்கவும் வேண்டும். மூளையின் பின்பகுதியில் வரும் சிறிய அடைப்பு சிடியின் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது உண்மை. அதைப் பிடிப்பதில் எம்ஆர்ஐயே கெட்டி, ஆனால் அதன் முறை இரண்டாவதாக வந்தால் போதும்.

மறதிக்கு வந்த அத்தைக்கு எம்ஆர்ஐயே முதலில். அறை வாசலில் நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். வளையல், தோடு, மூக்குத்தி எல்லாம் கழன்றன. தாலியில் வந்து நின்றுவிட்டது. தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் கொக்கியில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டார்கள்? உலோகம் சூடேறவும் செய்யலாம், படத்தையும் கெடுக்கலாம். மலாய்க்காரப் பெண் ஒருவர்தான் கருவியை இயக்குபவர். “மஞ்சள் கயிறு கொண்டுவரவில்லையா ஆண்ட்டி?” என்று அவரே கேட்டார்! எத்தனை அத்தைகளைப் பார்த்திருப்பாரோ. எங்கள் முறையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நான் கயிறு வாங்கச் சிராங்கூன் சாலைக்கு ஓடினேன்.

புற்றுநோய்க்கு வந்தால் பெட் ஸ்கேனின் பெருமை புரியும். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அதிலுள்ள கதிரியக்கப் பொருளான ஃபுளூரின்-18 ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். வாங்கி அடுக்கி வைக்கும் சரக்கல்ல. பல கட்டிகள் சர்க்கரையை அள்ளி விழுங்குவதால் படத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒளிர்கின்றன. நிணநீர்ப் புற்றுநோய் எங்கெங்கே பரவியிருக்கிறது, கீமோவுக்கு மசிகிறதா என்பதை ஒரே படத்தில் காட்டிவிடும். ஆனால் காசநோயும் ஒளிரும், ஆறாத அழற்சியும் ஒளிரும். கடைசிச் சொல் பெரும்பாலும் திசுப் பரிசோதனையுடையது. நீரிழிவுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை கூடியிருந்தால் ஏற்றிய சர்க்கரை அதனோடு போட்டி போட்டுத் தோற்றுப்போகும். முன்னதாகப் பட்டினி கிடக்கச் சொல்வது அதனால்தான். விடியற்காலையில் ஒரு தே தாரேக் (சர்க்கரை போட்ட பால் தேநீர்) மட்டும் என்று சலுகை எடுத்துக்கொண்டால் படம் பாழ்.

தலைக்குள் போனதும் இதே பெட் திணறுகிறது. நலமான மூளையே சர்க்கரைப் பேராசை பிடித்தது. முழு மூளையும் பளிச்சென்று ஒளிரும்போது, நுரையீரலிலிருந்து வந்து ஒட்டிய கடுகளவுக் கட்டி அதற்குள் மறைந்துவிடும். உடலெங்கும் தேட பெட், தலைக்கு மட்டும் கட்டியை எடுத்துக்காட்டும் காடோலினியம் மருந்து செலுத்திய எம்ஆர்ஐ என்று மருத்துவர் இரண்டையும் எழுதும்போது பணம் பிடுங்குவதாக நினைக்கக் கூடாது. சில வேளைகளில் நிலைமை தலைகீழாகும். மூளைக் கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்த பிறகு எம்ஆர்ஐயில் ஒரு திட்டு வளர்ந்தால், அது திரும்பி வந்த கட்டியா, கதிரில் கருகிய திசுவா என்று பிரித்துச் சொல்வது கடினம். அங்கே சர்க்கரைக்குப் பதில் அமினோ அமிலம் ஏற்றிய பெட் கைகொடுக்கும்.

கதிர்வீச்சுக் கணக்கும் ஏணியைக் குலைக்கிறது. எம்ஆர்ஐயில் அது அறவே இல்லை. தலை சிடியில் சுமார் 2 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறும் அளவை ஒட்டியது. சிடியோடு சேர்த்து எடுக்கும் முழு உடல் பெட் அதைப்போல் பல மடங்கு. எந்தக் குறையும் இல்லாதவர் பிறந்தநாள் பரிசாக முழு உடல் பெட் எடுத்துக்கொள்வது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது.

மறதிக்கான பெட் தனி வகை. அல்சைமர் மறதி நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதம் படிந்திருக்கிறதா என்று அது காட்டும். அந்தப் புரதத்தை அகற்றும் லெக்கனமேப் போன்ற புதிய மருந்தைத் தொடங்கும் முன் அந்தப் படிவை உறுதிசெய்தாக வேண்டும். தொடங்கிய பின் மூளை வீங்குகிறதா, கசிகிறதா என்று கண்காணிப்பது மறுபடியும் எம்ஆர்ஐயின் வேலை. ஆனால் மறதியே இல்லாத முதியவர்கள் சிலரிடமும் அந்தப் படிவு இருக்கிறது.

சந்தையில் கேட்டதை மருத்துவரிடம் அப்படியே கேட்டேன். அத்தையின் எம்ஆர்ஐயைத் திரையில் திருப்பிக் காட்டினார். சிறு இரத்தக் குழாய்கள் பழுதுபட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டுகள். “இவருடைய வயதுக்கும் நிலைக்கும் அந்த மருந்து தர மாட்டேன். பிறகு பெட் எடுத்து என்ன செய்யப் போகிறோம்?” என்றார். இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அத்தை கயிற்றைத் தடவிப் பார்த்து, தாலி எங்கே என்று மூன்றாம் முறையாகக் கேட்டார்.