படக்கதை எழுதி முடித்ததும் வரும் அந்த மின்னஞ்சல்

சிறாருக்கு எழுதுகிறவர்கள், அதிலும் முதல் புத்தகத்தைச் சொந்தமாகப் பதிப்பிக்க நினைப்பவர்கள், யாருக்கும் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

"என் படக்கதை தயார்" என்று செய்தி போட்ட கையோடு, ஆசிரியர்களுக்குப் புத்தகம் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கதையை அனுப்பச் சொல்லிக் கேட்கவே இல்லை; படிக்காமலேயே பாராட்டித் தள்ளினார்கள். ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரே 1901இல் தன் முயல் கதையைச் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டவர்தானே என்றார் அவர்களுடைய 'ஆலோசகர்'. உண்மைதான். ஆனால் பாட்டர் பணம் கொடுத்து அச்சிட்டாரே தவிர, கதையையும் படங்களையும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. மறு வருடம் ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. அந்தப் பாதியை ஆலோசகர் சொல்லவில்லை.

எடிட்டிங், பக்க வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்), விளம்பரம் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். அதில் 'அமேசான் பதிவுக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை. நம் புத்தகத்தை நாமே வெளியிட அமேசான் நடத்தும் கேடிபி தளத்தில் புத்தகம் ஏற்ற யாரும் ஒரு காசு கட்டத் தேவையில்லை, அமேசானே ஐஎஸ்பிஎன்னும் இலவசமாகத் தருகிறார்கள். இன்னும் வேடிக்கை, 32 பக்கப் படக்கதையைக் கெட்டி அட்டையில் அங்கேயே கொண்டுவருவோம் என்று எழுதியே கொடுத்தார்கள். கேடிபியில் கெட்டி அட்டைக்குக் குறைந்தது 75 பக்கம் வேண்டும். சாதா அட்டை என்றால் 24 பக்கம் போதும். அந்த வேலையை ஒரு தடவையாவது செய்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்புறம் மாதிரிப் பிரதி வந்தது. ஓவியர் 300 டிபிஐயில் (அச்சுக்கு வேண்டிய தெளிவில்) கொடுத்த படங்களைச் சுருக்கிப் போட்டிருந்தார்கள், கோடெல்லாம் மங்கல். வண்ணங்களை அச்சுக்கான நான்கு மை வண்ண முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிச் சரிபார்க்காததால், இரவுக் காட்சி இருக்கும் பக்கத்தில் கறுப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. பக்க ஓரத்தில் வெட்டுக்கு விட வேண்டிய 3 மி.மீ. இல்லை, யானையின் தும்பிக்கை நுனி போயிற்று. இரண்டு பக்கத்துக்கும் விரியும் படத்தில் கதாநாயகியின் முகம் சரியாக நடு மடிப்புக்குள். பெரியவர்களின் நாவலில் இதெல்லாம் சின்ன விஷயமாக இருக்கலாம், ஆனால் படக்கதையில் பாதிக் கதையைச் சொல்வதே படம்தான். திருத்தக் கேட்டால், "பேக்கேஜில் ஒரு திருத்தம்தான், மேற்கொண்டு கட்டணம்" என்றார்கள். அவர்கள் கெடுத்ததைச் சரிசெய்ய நான் பணம் கட்ட வேண்டுமாம்!

சரி, வேறு இடத்தில் அச்சிடலாம் என்று கோப்புகளைக் கேட்டேன். 'எங்கள் வடிவமைப்பு, எங்கள் சொத்து' என்று பதில். ஐஎஸ்பிஎன்னும் அவர்கள் பெயரில்தான் வாங்கப்பட்டிருந்தது. அந்த எண்ணுக்குள்ளேயே பதிப்பாளரைக் குறிக்கும் பகுதி உண்டு. ஆக, புத்தக விவரப் பட்டியலில் பதிப்பாளர் அவர்கள்தான். '100 சதவீத ராயல்டி' என்று சொன்னதும் அச்சுச் செலவு, கையாளும் செலவு, இன்னும் என்னென்னவோ கழித்த பிறகு மிஞ்சுவதில் 100 சதவீதம். விற்பனைக் கணக்கு இன்றுவரை வரவில்லை.

ஓவியருடன் எனக்குத் தனியாக எழுத்து ஒப்பந்தம் இருந்ததுதான் பெரிய ஆறுதல். மூலப் படங்கள் எங்களிடமே இருப்பதால், புது வடிவமைப்பு, புது எண்ணோடு மறுபடி தொடங்கியிருக்கிறோம். உங்கள் ஓவியர் நெருங்கிய நண்பராகவே இருந்தாலும், படங்களை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை எழுதி வாங்கிவிடுங்கள்.

முன்பு அவர்கள் போட்ட புத்தகம் வெளிவந்த செய்தியைப் போட்டதும் அடுத்த கூட்டம் வந்தது, இந்த முறை திரைப்பட உரிமை வாங்கித் தருவதாக, முன்கூட்டியே 'பரிசீலனைக் கட்டணம்' கேட்டு. உரிமை வாங்குகிறவர் எழுத்தாளருக்குப் பணம் கொடுப்பார், எழுத்தாளரிடம் கேட்கமாட்டார். இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி, எழுத்தாளர்களை மோசடிகளிலிருந்து காக்க நடத்தப்படும் 'ரைட்டர் பிவேர்' 1998 முதல் எச்சரித்து வருகிறது. உங்களை அணுகும் நிறுவனத்தின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள்.

ஏற்கெனவே இப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், கடைசித் தவணையைக் கட்டுமுன் அச்சுக்கான பிடிஎஃப், வடிவமைப்பின் மூலக் கோப்பு, அட்டைக் கோப்பு மூன்றையும் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். பேச்செல்லாம் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். தொலைபேசியில் அவர்கள் தந்த வாக்குறுதி எதையும் என்னால் நிரூபிக்க முடியவில்லை. கெட்டி அட்டையை மட்டும் எழுத்தில் வைத்திருந்ததால் அந்தத் தொகை திரும்பி வந்தது.