ஏழே நாளில் நெட்வொர்க் சான்றிதழ்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரப் பிள்ளைகளின் கைபேசிகளில் ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்றுகிறது. செட்டிநாட்டு வீட்டில் தங்கிப் படித்தால் ஏழே நாளில் நெட்வொர்க், செக்யூரிட்டி சான்றிதழ்கள், அதுவும் தேர்ச்சி உத்தரவாதத்தோடு என்கிறது. சென்ற முறை அங்கே படித்தவர்களில் நானும் ஒருவன். கட்டணம் 85,000 ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் அதிலேயே அடக்கம் என்றார்கள்.

விளம்பரத்திலேயே ஒரு புளுகு இருக்கிறது. வாங்கித் தருவதாகச் சொல்லும் மூன்று சான்றிதழ்களில் ஒன்று 'சிசிஎன்ஏ செக்யூரிட்டி'. அதை வழங்கிவந்த, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 2020 பிப்ரவரி 24 அன்றே நிறுத்திவிட்டது. அதே நாளில்தான் சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவும் மாறி, 200-301 என்ற எண்ணில் புதிதாக வந்தது. இதைக் கேட்டதற்குப் பயிற்றுநர், "பெயர்தான் தம்பி மாறியிருக்கிறது, பாடம் பழையதுதான்" என்றார். பாடம் பழையது என்பது மட்டும் சத்தியமான உண்மை. கையில் கொடுத்த புத்தகத்துக்கு அட்டை புதிது. உள்ளே ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறை பற்றிப் பக்கம் பக்கமாக மங்கிய நகல்கள். இன்றைய தேர்வில் பத்து சதவீதம் வரும், நெட்வொர்க்கை நிரல் எழுதி இயக்கும் ஆட்டோமேஷன் பகுதிக்கு அதில் ஒரு தாள்கூட இல்லை.

ஆய்வுக்கூடம் என்று அவர்கள் காட்டியது பட்டாலை என்கிற கூடத்தில் போட்ட ஒரு மேசை. மேலே இரண்டு பழைய ரவுட்டர்கள், ஒரு ஸ்விட்ச். அவற்றோடு பேச கன்சோல் கேபிள் வேண்டும். இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பெரும்பாலும் பயிற்றுநரின் பைக்குள். எங்களைப் பேக்கெட் டிரேசர் என்ற, கணினித் திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்கும் மென்பொருளில் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். அதை சிஸ்கோ இலவசமாகவே தருகிறது. அந்தக் காலத்துச் சுவர்களின் கனத்தில் வீட்டு வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், கைபேசி அலை எட்டவில்லை. இணையம் வேண்டியவர்கள் தெருவுக்கு வந்து நின்றோம். சாப்பாட்டில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். சமையல் செய்த ஆச்சியின் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் அந்த முகாமில் சொன்னபடி கிடைத்த ஒரே சரக்கு.

இதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம். முகாமின் பாதியில் தொடங்கியதுதான் ஆபத்தானது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, சில நூறு கேள்விகள் கொண்ட கோப்பு ஒன்றை எல்லோருக்கும் அனுப்பினார்கள். முன்பு எழுதியவர்கள் மூலம் கசிந்த அசல் கேள்விகள், விடையோடு. "படத்தில் மூன்று ரவுட்டர் வந்தால் விடை சி" என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஏன் சி என்று கேட்டேன். "ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஏழு நாளில் முடியாது தம்பி" என்பது பதில். அந்த விடைகளாவது சரியா? /27 என்று குறிக்கும் அளவுள்ள வலையில் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம் என்ற கேள்விக்கு 32 என்று குறித்திருந்தது. மொத்த முகவரிகள்தான் 32; வலையைக் குறிக்க ஒன்றும், எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்டுக்கென ஒன்றும் போனால் மிஞ்சுவது 30. இது ஆரம்பப் பாடம்.

திருட்டுக் கேள்வித்தாளை விற்றவருக்கு இதில் ஒன்றும் ஆகாது. தேர்வு எழுதுபவர் கேள்விகளை வெளியிட மாட்டேன், கசிந்ததைப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வுக்குள்ளேயே நுழைய முடியும். பிடிபட்டால் மதிப்பெண் ரத்தாகும், சான்றிதழ் பறிபோகும், மறுபடி எழுதத் தடையும் வரலாம். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலையில் சேர்ந்த பிறகு அப்படி ஆனால் யாரிடம் போய் முறையிடுவது?

தேவகோட்டைத் தம்பி ஒருவருக்கு நடந்தது இன்னும் மோசம். கல்லூரி முடித்துச் சில மாதங்களே ஆனவர். அவரிடம் சிஐஎஸ்எஸ்பி என்ற உயர்நிலை செக்யூரிட்டி சான்றிதழை வாங்கித் தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள். அதை வழங்கும் ஐஎஸ்சி2 அமைப்பு ஐந்து ஆண்டு பணி அனுபவம் கேட்கிறது. பட்டப்படிப்புக்கு அதில் ஓராண்டுதான் கழியும். அனுபவமில்லாமல் தேறினால் 'அசோசியேட்' என்ற தகுதி மட்டுமே; அனுபவத்தைச் சேர்க்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. இதில் ஒரு வரிகூட அவரிடம் சொல்லப்படவில்லை.

உத்தரவாதத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தேறாவிட்டால் அதே வகுப்பில் இலவசமாக மறுபடி உட்காரலாம், அவ்வளவுதான். தங்குமிடமும் சாப்பாடும் அடுத்த தேர்வுக் கட்டணமும் நம் தலையில். சிசிஎன்ஏ தேர்வுக்கு மட்டும் 300 டாலர், வரி தனி. கட்டணத்தில் அடக்கம் என்ற தேர்வு வவுச்சரே, அதாவது தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று என்பதற்கான எண்ணே, எங்களில் பலருக்கு வந்து சேரவில்லை. ரசீதில் ஒரு நிறுவனத்தின் பெயர், பணம் போனதோ ஒரு தனிநபரின் கணக்குக்கு. ஜிஎஸ்டி எண் எங்குமே இல்லை. வட்டிக் கணக்கைப் பைசா பிசகாமல் பேரேட்டில் எழுதிய ஊரில் வந்து இப்படி ஒரு ரசீது கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

விரைவுப் பயிற்சியே மோசடி என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகள் இதே வேலையில் இருப்பவர் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போவது நடக்கிற காரியம். ஐபி முகவரியே புதிதாகப் படிப்பவருக்கு அது நடக்காது. அவரையும் அதே பெஞ்சில் உட்கார வைத்து அதே கட்டணம் வாங்குபவரை நம்பாதீர்கள். வவுச்சர் எண்ணைக் கையில் வாங்கி, அது செல்லுமா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் முகவரி சென்னையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணமும் இல்லை. ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு கொடுக்கவும் வழி இருக்கிறது. அந்த முகாமில் இருந்தவர்கள் ரசீது, பணம் அனுப்பிய பதிவு, விளம்பரத்தின் படம், அந்தக் கேள்விக் கோப்பு வந்த செய்தி ஆகியவற்றை அழிக்காமல் எடுத்து வையுங்கள். மனுவில் சேர விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.