பாதி மொட்டையில ஒரு பஞ்சாயத்து

மூணு வருசம் கழிச்சு ஊருக்குப் போயிட்டு டல்லாஸ் திரும்பி ஒரு வாரமாச்சு. பிளைட்டு, கோயமுத்தூர் ஏர்ப்போர்ட்டு, பேங்க்குல கேஒய்சி, பல்லு டாக்டரு எல்லாம் ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சுது, அதைப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. சொல்றதுக்கு இருக்கறது பையன் மொட்டை ஒண்ணுதான்.

பையனுக்கு ரெண்டேகால் வயசு. அவன் பொறந்தப்பவே அம்மா முருகனுக்கு வேண்டிக்கிட்டாங்க. எந்த மலைன்னு பேரெல்லாம் வேண்டாம், நம்ம கொங்குநாட்டுல மலைக்கு மலை முருகன்தானே, நீங்களே ஒண்ணை நெனச்சுக்கங்க. வெடியறதுக்கு முன்னாடியே கெளம்பி, புளிசோத்துத் தூக்குப்போசியோட போய் எறங்கினோம். என்ற சம்சாரத்தோட தம்பி திருப்பூர்ல இருந்து வேட்டி கட்டிக்கிட்டு வந்துட்டாப்ல. தாய்மாமன் மடி இல்லாம மொட்டை ஏது.

சின்ன வயசுல எனக்கு அடிச்சப்ப டிக்கெட்டு வாங்கோணும், இப்ப அதெல்லாம் இல்ல. 2021ல இருந்து அறநிலையத்துறை கோயில்கள்ல மொட்டை இலவசம். சுவத்துல எட்டு ஊருக்குத் தெரியற மாதிரி போர்டு வெச்சிருக்குது. அதைப் பாத்ததும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது, ஏன்னா அமெரிக்காவுல டிப்ஸுன்னா எனக்கு அவ்வளவு எரிச்சல். கப்பை நானே எடுத்து, நானே புடிச்சு, நானே எடை போட்ட தயிர் ஐஸ்கிரீமுக்கு அந்தப் பொண்ணு டேப்லெட்டை என்ற பக்கம் திருப்புது, 18, 20, 25 பர்சென்ட்டுன்னு மூணு கட்டம் நிக்குது, வேண்டாம்கிற பட்டன் கீழ எறும்பு சைஸுல கெடக்குது, பின்னாடி நிக்கறவன் மூச்சு கழுத்துல படுது. சரின்னு இருவதை அமுத்திட்டு வீடு வர்ற வரைக்கும் பொருமிக்கிட்டே வருவேன். அதனால இந்தப் போர்டைப் பாத்ததும் ஆகா, நம்ம ஊரு ஊருதான்டான்னு போட்டோ எடுத்து பிரண்ட்ஸ் குரூப்புல வேற போட்டுட்டேன்.

உள்ள போனா ஈரத்தரை, பலகை, தண்ணிச் சொம்பு. மொட்டை போடறவருக்கு அம்பது வயசு இருக்கும். புது பிளேடு ஒண்ணை உறையோட புடிச்சு ரெண்டா ஒடிச்சு, பாதியைக் கத்தியில சொருகி, மீதியை ஜோப்புல போட்டாரு. எடது கையால பையன் தலையைப் புடிச்சாரு பாருங்க, கட்டைவெரல் காதுக்குப் பின்னாடி, மத்த வெரல் தாடைக்கடியில, தேங்காயைப் புடிக்கற மாதிரி இல்ல, முட்டையைப் புடிக்கற மாதிரி. வெரல் நுனியெல்லாம் தண்ணியில ஊறி வெளுத்துச் சுருங்கிக் கெடந்துது. "அக்கட்ட பாரு சாமி, காக்கா, காக்கா"ன்னு சொல்லிக்கிட்டே நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பு. எனக்கு டல்லாஸ்ல முடி வெட்டறவன் வாரம் தவறாம ஒரு எடத்துல மிச்சம் வெப்பான், அவனுக்கு அஞ்சு டாலர் டிப்ஸு வேற.

சரியா பாதி. வலப்பக்கம் வழுக்கை, எடப்பக்கம் சுருட்டை. அப்பத்தான் கத்தி நின்னுது.

"மாமனுங்களா? மாமன் சந்தோசமா ஏதாச்சும் குடுங்க."

மாப்ள என்னையப் பாக்கறாப்ல. நான் போர்டைப் பாக்கறேன். "ஏனுங்க, இலவசம்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமாங்ணா. கோயிலுக்கு இலவசந்தானுங்க."

எவ்வளவுன்னு கேட்டா "உங்க சந்தோசம்" அப்பிடிங்கறாரு. நூறை நீட்டுனேன், வாங்கல, மூஞ்சியைக்கூடச் சுளிக்கல, கத்தியைத் தண்ணியில அலசிக்கிட்டே இருக்காரு. எரநூறு. மறுபடி அலசறாரு. நான் அதுக்குள்ள ரசீது, ரூல்ஸு, ஆபீஸுல கேக்கட்டுங்களான்னு வெளிநாட்டுக்காரன் பேச்செல்லாம் பேசிட்டேன். இந்த நேரம் பாத்து என்ற சம்சாரம் போன்ல வீடியோ எடுக்கறன்னு கேமராவைத் திருப்பிப் புடிக்க, பையன் தன்ற மூஞ்சியைப் பாத்துட்டான். ஒரு பக்கம் முடியில்ல. அவன் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துப் பலகையில இருந்த மூணு கொழந்தைகளும் சேந்து அழ ஆரம்பிச்சிருச்சு, அங்க இருந்த பாட்டிமாருங்க எல்லாம் என்னையத் திரும்பிப் பாத்த பார்வை இருக்குதே. அம்மா வந்து, "குடுத்துத் தொலை கண்ணு, சாமி காரியத்துல எதுக்கு வழக்கு?"ன்னுட்டாங்க. ஜோப்புல அடுத்து ஐநூறு நோட்டுதான் இருந்துது. மிச்சம் கேக்கவும் கூச்சம், விடவும் மனசில்ல. அவரு நோட்டை வாங்கிக் கண்ணுல ஒத்திப்போட்டு, மீதி பாதியை ரெண்டே நிமிசத்துல முடிச்சாரு. ஒரு கீறல் இல்ல. தண்ணி வாத்துச் சந்தனம் பூசுனப்ப இஞ்சு இஞ்சாத் தடவிப் பாத்தேன், குத்தம் கண்டுபுடிச்சே ஆகோணும்னு. கெடைக்கல.

பாதியில நிறுத்துனது தப்புன்னு இப்பவும் சொல்வேன். முன்னாடியே கேட்டிருக்கலாம், முடிச்சுட்டுக் கேட்டிருக்கலாம். கொழந்தை தலையைப் பணயம் வெச்சுக் கேக்கற வேலை ஆகாது.

ஆனா பந்தி மாதிரி ஒக்காந்து புளிசோறு திங்கறப்ப மாப்ள ஒரு கணக்கைப் போட்டாப்ல. அவரு பனியன் கம்பெனி, டெய்லருக்குப் பீஸ் ரேட்டு, சனிக்கிழமையானா வாரச்சம்பளம், கூலின்னா பைசா சுத்தமாத் தெரியும். "மாமா, இலவசம்னு அறிவிச்சப்ப இவங்களுக்கு மாசம் அஞ்சாயிரம் ஊக்கத்தொகைன்னு சொன்னாங்க. சம்பளம்னு சொல்லல பாருங்க, ஊக்கத்தொகை. இருவத்தாறு நாளா வகுத்தா நாளைக்கு 192 ரூவாய்ங்க." அம்மா நடுவுல பூந்து, நூறு நாள் வேலைக்கே 2025ல நாளைக்கு 336 ரூவான்னு சொல்லியிருக்கறாங்களேன்னாங்க. நான் சும்மா போன்ல டாலருக்கு மாத்திப் பாத்தேன். ரெண்டு டாலரும் சொச்சமும்.

எனக்குச் சோறு எறங்கல. ஏன்னா அந்த நம்பரு எனக்கு நல்லாத் தெரிஞ்ச நம்பரு. டெக்சாஸ்ல டிப்ஸு வாங்கற வேலைக்காரங்களுக்கு ஓனர் குடுக்க வேண்டிய கொறைஞ்ச சம்பளம் மணிக்கு 2.13 டாலர். 1991ல வெச்சது, இன்னைக்கு வரைக்கும் நகரல. டிப்ஸு சேந்தும் மத்தவங்களுக்கு இருக்கற கொறைஞ்ச சம்பளமான மணிக்கு 7.25 டாலர் வரலைன்னா மிச்சத்தை ஓனர் போட்டுக் குடுக்கோணும்னு சட்டம், அந்த 7.25ம் 2009ல நின்னதுதான். ஆக நான் அமுத்தற இருவது பர்சென்ட்டு அந்தப் பொண்ணுக்கு நான் பண்ற தயவு இல்ல, ஓனர் குடுக்க வேண்டிய கூலியில ஒரு பங்கை என்ற ஜோப்புல இருந்து எடுக்கறான். அதேதான் இங்கயும். அங்க மணிக்கு, இங்க நாளைக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். இதுல கூத்து என்னன்னா எறக்கற முடியைக் கோயிலுங்க ஏலம் விடுது. திருப்பதியில அந்த வகையில மட்டும் வருசத்துக்கு நூறு கோடிக்கு மேல வருமானம்னு பட்ஜெட்டுல எழுதறாங்க. நம்ம மலையில அவ்வளவு வராது, ஆனா தரையில கெடந்த என்ற பையன் சுருட்டைக்கு ஒரு வெலை இருக்குது, அதை எறக்குன கைக்குத்தான் வெலை இல்ல.

அப்ப நல்ல சம்பளம் குடுத்துட்டா இந்தச் சந்தோசமெல்லாம் நின்னுருமான்னா, அப்பிடியும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவுல டிப்ஸைக் காட்டிக் கூலியைக் கொறைக்கக் கூடாது, முழுச் சம்பளமும் குடுத்தே ஆகோணும், இருந்தும் டேப்லெட்டு அங்கயும் திரும்பத்தான் செய்யுது. ஆனா சம்பளம் கைக்கு வந்துட்டா கேக்கறவன் கேக்கற தோரணை மாறும்ல. இனாமாக் கேக்கலாம், பொழப்புக்காகக் கேக்க வேண்டியதில்ல. லண்டன்ல இருக்கற என்ற பெரியப்பா பையன் சொல்றான், அங்க 2024 அக்டோபர்ல இருந்து டிப்ஸுல ஒரு பைசா ஓனர் தொடக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சாம்.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துட்டு ஒண்ணு சொன்னாரு. அவரு சின்னப் பையனா இருந்தப்ப எங்கூர்ல முடி வெட்டறவருக்குக் காசே கெடையாது, அறுப்பு முடிஞ்சா களத்துல வந்து நிப்பாரு, அளந்து போடறதுதான் வருசக்கூலி. கல்யாணத்துல மங்கல வாழ்த்துப் படிக்கறதும் அவருதான், அவரு வாழ்த்தாம மாப்பிள்ளை எந்திரிக்க முடியாது, ஆனா களத்துல அவரு எட்டத்தான் நிக்கோணும். நெல்லு கொறைஞ்சாலும் "பாத்துப் போடுங்க சாமி"ன்னுதான் கேக்கோணும், எத்தனை வள்ளம்னு கேக்க முடியாது. "உங்க சந்தோசம்" அங்கிருந்து வந்த பேச்சுடான்னாரு. அமெரிக்காவுலயும் இப்பிடித்தான், அடிமை முறை ஒழிஞ்சப்பறம் ரயில்ல வேலைக்கு வெச்ச கருப்பின ஆளுங்களுக்குக் கூலியைக் கொறைச்சு, பயணிங்க இனாம்ல பொழச்சுக்கட்டும்னு விட்டதுல இந்தப் பழக்கம் நல்லா வேர் புடிச்சுதுன்னு படிச்சிருக்கேன். தேதியும் தேசமும் வேற, நிக்கற எடம் ஒண்ணு.

எனக்கு இன்னமும் ஒறுத்தறது ஒண்ணு இருக்குது. மணிக்கு 2.13 குடுக்கற ஓட்டல்காரன்கிட்ட நான் இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஈரத்துல குத்தவெச்சு ஒக்காந்த ஆள்கிட்ட மட்டும் ரூல்ஸு பேசுனேன். போற வழியில மனசு கேக்காம மறுபடி அந்தப் பக்கம் போய், "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க"ன்னேன். அவரு வேற ஒரு பொடுசு தலையைப் புடிச்சிருந்தாரு. "அட அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா, அடுத்த மொட்டைக்கும் இங்கயே வாங்க"ன்னுட்டு, அந்த மாமனைப் பாத்து, "மாமனுங்களா?"ன்னு ஆரம்பிச்சாரு. அந்தத் தலையும் சரியாப் பாதியில நிக்குது.

ராத்திரி அப்பா வழக்கம்போல டைரி எழுதுனாரு. எட்டிப் பாத்தேன். பெட்ரோல் 1200. தேங்காய் பழம் பூ 180. மொட்டை 0. சந்தோசம் 500. கார் பார்க்கிங் 50.