ரெக்ஸ் குஞ்சை வளர்த்துத் தருகிறேன் என்பவரிடம் முட்டையைக் கொடுப்பதற்கு முன்

இந்தப் பதிவு ஆர்க் என்ற டைனோசர் வீடியோ கேம் விளையாடுபவர்களுக்கு. விளையாடாதவர்களுக்கு இது வெட்டி வேலையாகத்தான் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான் தெரிகிறது.

தனியார் சர்வர்களில் ஒருவர் "வளர்ப்புச் சேவை" என்று விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். கரு கூடிய முட்டையை நாம் கொடுத்துவிட வேண்டும். அவர் பொரிக்க வைத்து, குஞ்சைக் கவனித்து, நூறு சதவீத இம்பிரிண்டுடன் (குஞ்சு ஒருவரிடம் ஒட்டிக்கொண்ட அளவு) முழு ரெக்ஸாக, அதாவது வளர்ந்த டைரனோசராக, திருப்பித் தருவாராம். ஒரு முட்டைக்கு நானூறு ரூபாய், பாதி முன்பணம். நான் ஆறு முட்டைகள் கொடுத்தேன். நான்கு ரெக்ஸ்கள் வந்தன. நான்கிலும் வளர்த்தவர் பெயர் அவருடையது.

பெயரில் என்ன இருக்கிறது என்று புதியவர்கள் கேட்கலாம். ஆர்க்கில் மயக்க அம்பு விட்டுப் பழக்கிய காட்டு விலங்குக்கு மனநிலை என்று ஒன்றுமே கிடையாது. இரை போட்டால் போதும். நம் பண்ணையில் முட்டையிலிருந்து பிறந்த குஞ்சு அப்படியல்ல. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அது எதையாவது கேட்கும்: கொஞ்சச் சொல்லும், கூடவே நடத்திக்கொண்டு போகச் சொல்லும், அல்லது இன்ன கிப்பிள்தான் (ஆட்டத்தில் நாம் சமைக்கும் தீவனம்) வேண்டும் என்று அடம் பிடிக்கும். கேட்டதைக் கொடுத்தால் இம்பிரிண்ட் சதவீதம் ஏறும். ரொம்பத் தாமதித்தால் சேர்த்ததும் குறையும். வளர்ந்து முடித்தபின் ஒரு சதவீதம்கூட ஏற்ற முடியாது.

நூறு சதவீதம் சேர்ந்தால் இரண்டு பலன்கள். முதலாவது, உயிர் அளவு, கடி வலிமை போன்றவை 20 சதவீதம் வரை கூடும்; இது அந்த விலங்கோடு ஒட்டிக்கொண்டது, யார் கைக்குப் போனாலும் போகாது. இரண்டாவது, அதன் முதுகில் ஏறும்போது அடி 30 சதவீதம் கூடும், வாங்கும் அடி 30 சதவீதம் குறையும். இந்த இரண்டாவது பலன், அந்தக் குஞ்சு யாரிடம் ஒட்டிக்கொண்டதோ அவருக்கு மட்டும்தான். மற்றவருக்கு அது வெறும் நல்ல ரெக்ஸ். மோசடி முழுவதும் இந்த ஒரு இடைவெளியில்தான் நடக்கிறது.

இதற்குப் போய்ப் பணம் கொடுப்பார்களா என்று கேட்பவர்கள் ரெக்ஸ் வளர்த்துப் பார்க்காதவர்கள். அடிப்படை வேகத்தில் முட்டை பொரிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சூடு சரியாக இருக்க முட்டையைச் சுற்றி ஏசி பெட்டிகளை அடுக்கி வைக்க வேண்டும். (டைனோசர் முட்டைக்கு ஏசி என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ.) வெளியே வந்த குஞ்சின் வயிறு மிகச் சிறியது. வளர்ச்சி பத்து சதவீதத்தைத் தொடும்வரை அது தீவனத் தொட்டியிலிருந்து தானாகத் தின்னாது. பக்கத்திலேயே உட்கார்ந்து இறைச்சியைக் கையால் திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரெக்ஸுக்கு அந்தப் பத்து சதவீதமே ஒன்பது மணி நேரத்துக்கு மேல். முழுதாக வளர 3 நாள் 20 மணி நேரம். நடுவில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சல். வேலைக்குப் போகிறவர்கள் இதைச் செய்ய முடியாது என்பது தெரிந்துதான் இந்தச் சேவைக்கே ஆள் கிடைக்கிறார்கள்.

வழக்கமாகக் குஞ்சு யாரிடம் ஒட்டிக்கொண்டதோ அவர் மட்டுமே அதைக் கொஞ்ச முடியும். ஆனால் யார் வேண்டுமானாலும் கொஞ்சலாம் என்று சர்வர் நடத்துபவர் மாற்றிவைக்க ஓர் அமைப்பு உண்டு. எங்கள் சர்வரில் அது திறந்துதான் இருக்கிறது. எனவே பொரிந்த உடனே குஞ்சை நான் என் பெயரில் உரிமை கோரிவிட்டால் போதும். மீதி மூன்று நாளும் அவர் பார்த்துக்கொள்ளலாம், பெயர் என்னுடையதாகவே இருக்கும். சேவை என்ற அளவில் இதில் எந்தக் குறையும் இல்லை. நேர்மையாக இப்படிச் செய்துகொடுப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

இவர் எங்கே கை வைத்தார் என்றால், பொரிக்கும் நேரத்தில். மாலையில் நான் இருக்கும்போது பொரிக்கட்டும் என்று பேசியிருந்தோம். "ஏசி கணக்கு கொஞ்சம் தவறிவிட்டது அண்ணா, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் பொரியும். நீங்கள் தூங்குங்கள், உங்கள் பெயருக்கு மாற்றிவிடுகிறேன்" என்று செய்தி அனுப்பினார். மாற்றுவது என்று ஒன்று கிடையாது. குஞ்சு ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். தொழிலாக இதைச் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

ஒப்படைக்கும்போது நான்கும், விலங்கை உறையவைத்து எடுத்துச்செல்லும் கிரையோபாடுக்குள் இருந்தன. "நூறு சதவீதம் அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்காரலாம்" என்றார். மீதிப் பணத்தை அனுப்பும்வரை ஒன்றையும் வெளியே விடவில்லை. சர்வர் திணறுகிறது, உங்கள் இடத்தில் போய் விட்டுக்கொள்ளுங்கள் என்றார். கண்ணை ஏன் மூடச் சொன்னார் என்பது பிறகு புரிந்தது.

நண்பர் ஒருவருடன் இறங்கிச் சோதித்தோம். அவர் தானே வளர்த்த ரெக்ஸ் மீது, நான் புதிதாக வந்ததன் மீது. இரண்டிலும் கடி வலிமை 500 சதவீதம் என்றே காட்டியது. ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பிராண்டோசாரஸை இருவரும் மாறி மாறிக் கடித்தோம். அவர் கடித்தால் 403 என்று எண் எழும்பியது. நான் கடித்தால் 310. மறுபடியும் 403, மறுபடியும் 310. பிராண்டோ வாலைச் சுழற்றியதில் என் உயிர் அளவு அவருடையதைவிட வேகமாக இறங்கியது. ரெக்ஸின் பட்டியலைத் திறந்து பார்த்தால், இம்பிரிண்ட் நூறு, அதனுடன் அந்த மனிதரின் பெயர். நான்கிலும் அதே கதை.

கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "நூறு என்றுதானே சொன்னேன் அண்ணா, யாருடைய நூறு என்று சொன்னேனா?" இந்தச் சாமர்த்தியத்தைக் குஞ்சு வளர்ப்பில் காட்டியிருக்கலாம். இரண்டாவதாக ஒரு வாதமும் வைத்தார். தி ஐலேண்ட் வரைபடத்தில் புரூட்மதர் என்ற பெரிய எதிரிச் சிலந்தியோடு மோதும் அரங்குக்கு இருபது விலங்குகள் போகலாம். பெரும்பாலான ரெக்ஸ்களின் மேல் ஆளே இருக்கமாட்டார்கள். பிறகு ஏறுபவர் பலன் எதற்கு என்றார். பாதி உண்மை. ஆளில்லாமல் கடிக்கும் ரெக்ஸுக்கு அந்த 20 சதவீதமே போதும், அது இருக்கிறது. ஆனால் நான் பேசிய விலை ஏறி ஓட்டும் ரெக்ஸுக்கு. வெறும் பலமுள்ள ரெக்ஸ் வேண்டுமென்றால் சர்வர் சந்தையில் கிப்பிளுக்கே கிடைக்கும், ரூபாய் தேவையில்லை.

திரும்பாத இரண்டு முட்டைகள் இன்னும் எரிச்சலூட்டுகின்றன. சூடு தவறி முட்டை கெட்டுவிட்டது என்றார். அந்த முட்டைகளின் தாய், மியூட்டேஷனில் (மரபு மாற்றத்தில்) முதுகு ஊதாவாக மாறிய பெட்டை. அப்படி ஒரு மியூட்டேஷன் விழுந்தால் ஏதாவது ஒரு திறனில் இரண்டு லெவல் கூடும். அதைப் பிடித்துத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பதுதான் இந்த விளையாட்டில் உண்மையான சொத்து. கெட்டுப்போனதாகச் சொன்னபின் அவருடைய விற்பனைப் படங்களில் ஊதா முதுகு ரெக்ஸ் ஒன்று வந்திருக்கிறது. அதே நிறம் வேறு வழியிலும் வரலாம் என்பது தெரியும். அதே நிறம், அதே உயிர் லெவல், அதே கடி லெவல் மூன்றும் ஒன்றாக வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சர்வர் நடத்துபவரிடம் முறையிட்டேன். ஆட்டத்துக்கு வெளியே நடந்த பண விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். ரூபாய் திரும்பி வரவில்லை.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பொரிக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே நில்லுங்கள். நேரம் மாறினால் முட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு இன்னொரு நாள் பார்க்கலாம். யாரும் கொஞ்சலாம் என்ற அமைப்பு உங்கள் சர்வரில் உண்டா என்று நடத்துபவரிடமே கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. ஏறுபவர் பலனையே அடைத்துவைக்கும் அமைப்பும் உண்டு. அப்படிப்பட்ட சர்வரில் இந்தச் செலவே வீண். நல்ல வம்சத்து முட்டையை ஒருபோதும் கொடுக்க வேண்டாம், சுமாரானதைக் கொடுத்துச் சோதியுங்கள். ஒப்படைக்கும்போது கிரையோபாடிலிருந்து வெளியே விடச் சொல்லி, வளர்த்தவர் பெயரைக் கண்ணால் பார்த்தபிறகு மீதிப் பணம். இனப்பெருக்கம் செய்ய வாங்குகிறீர்கள் என்றால் மலடாக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். அதைத் திரும்பச் சரிசெய்ய வழி கிடையாது.

அவர் பெயரை இங்கே போடவில்லை, கணக்கை வேறு மாற்றிக்கொண்டே இருக்கிறார். விளம்பர வாசகம் மட்டும் மாறவில்லை: "முழு இம்பிரிண்ட், நம்பகமான வளர்ப்பு, பாதி முன்பணம்." இப்போது அதன்கீழ் ஓடுவது என் நான்கு ரெக்ஸ்களின் படம். இம்பிரிண்ட் வரி தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். என் நண்பர் புதிய வாடிக்கையாளர்போலக் கேட்டுப் பார்த்தார், விற்பவர் உடனே அவரைத் தடை செய்துவிட்டார்.