ரங்கூன் வீட்டு வயரிங்கில் கிளாம்ப் மீட்டர்: நாலு வருஷப் பயன்பாடு

மியன்மாரில் ஏட்டில் இருக்கும் வோல்டேஜ் 230. ரங்கூனில் தெருக்கம்பியின் கடைசி வீட்டில், எல்லாரும் உலை வைக்கும் சாயங்கால நேரத்தில், 165 வந்தாலே பெரிது. அதனால் லேபிளில் உள்ள வாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். சாமான் ஓடும்போதே வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்க வேண்டும். கம்பியை வெட்டாமல், அதை வாயால் கவ்வியே ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் இதற்குத்தான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் (தடை), இரண்டையும் பெருக்கினால் வாட்.

220 வோல்ட், 700 வாட் ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். அதன் சூடாக்கும் தட்டு ஏறக்குறைய 69 ஓம். 165 வோல்ட்டில் 2.39 ஆம்பியர்தான் இழுக்கும், 394 வாட்தான் கிடைக்கும். வோல்டேஜ் கால்பங்கு குறைந்தால் சூடு பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடுகிறது. சோறு வேக நேரமாவது இதனால்தான், குக்கர் கெட்டதால் அல்ல. வகுத்தும் 69 ஓமே வந்தால் தட்டு நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

முழு வயரையும் கிளாம்ப்பின் வாய்க்குள் விட்டால் பூஜ்யம்தான் காட்டும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். உள்கம்பிகளின் இன்சுலேஷன் கீறாமல் மேலுறையை நீளவாக்கில் பிரித்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் செய்துவைத்து, அதில் ஃபேஸ் கம்பியை மட்டும் பிடிக்க வேண்டும். அரை ஆம்பியருக்கும் கீழே அளப்பதானால் அதே கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி, வருவதைப் பத்தால் வகுங்கள்.

இந்த மீட்டர் போட்ட காசை மீட்டுத் தந்தது தளர்ந்த கம்பி மூட்டுகளைக் கண்டுபிடிப்பதில்தான். கெட்டில் ஓடும்போது மீட்டர் பலகையில் 192 வோல்ட், பிளக்கில் 182, கரண்ட் 5.6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே 10 வோல்ட் காணாமல் போகிறது. வகுத்தால் 1.8 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி போக வர 30 மீட்டர் இருந்தாலும் கால் ஓம் வராது. மீதி அத்தனையும் ஏதோ ஒரு தளர்ந்த மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே மட்டும் ஏறக்குறைய 50 வாட், ஒரு சால்டரிங் அயர்ன் அளவுச் சூடு. பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு கருகும். அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கிய இடங்களை முதலில் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டு.

ஃபிரிட்ஜ், ஃபேன் போன்ற மோட்டார்களுக்கு இந்தப் பெருக்கல் வாட் தராது. 220 வோல்ட், 0.9 ஆம்பியர் என்றால் 198 விஏ (வோல்ட்-ஆம்பியர்). பவர் ஃபேக்டர், அதாவது அதில் உண்மையான வாட்டாக மாறும் பங்கு, 0.65 ஆனால் உண்மையில் 129 வாட்தான். வோல்டேஜை ஏற்றித் தரும் ஸ்டெபிலைசரும் கரண்டைச் சும்மா தருவதில்லை. வெளியே 700 வாட் கொடுக்க 165 வோல்ட்டில் 4.24 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கம்பியில் வோல்டேஜ் இன்னும் விழும்.

குறைகள்: மழைக்காலத்தில் வாயின் இரும்பு முகத்தில் துரு பிடிக்கிறது, சரியாக மூடாவிட்டால் ஆம்பியர் குறைத்துக் காட்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பேட்டரி இறங்கினாலும் அளவு தப்பும். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் தெரியாது, ஒன்றைப் பார்த்து மற்றதைப் பார்ப்பதற்குள் லைன் வோல்டேஜ் மாறிவிடுகிறது. பிளக்கில் இன்னொரு மல்டிமீட்டர் வைத்துக்கொள்வதே நல்லது. அதை ஓமில் வைத்துக் கரண்டைத் தொடவே கூடாது. கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளப்பது) உள்ளதாகப் பாருங்கள். மலிவான இன்வெர்ட்டரின் சதுர அலையைச் சாதாரண மீட்டர் சரியாகப் படிக்காது.