வேலை போனால் எத்தனை நாள்? டல்லாஸ், சிங்கப்பூர், பெர்லின்: ஒரு கணக்கு

என் சித்தி மகன் போன மாதம் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். டல்லாஸ், சிங்கப்பூர், பெர்லின் என்று மூன்று பத்தி. சம்பளம், வரி, வாடகை, சாப்பாடு எல்லாம் போட்டு, மிச்சத்தை ரூபாயாக்கி, பெரிய தொகைக்கு மஞ்சள் அடித்திருந்தான். மஞ்சள் விழுந்தது டல்லாஸில். கீழே, "அண்ணா, சரியா இருக்கான்னு பாருங்க" என்று ஒரு வரி.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. சோழிங்கநல்லூரில் பத்து வருடமாக பேக்எண்ட் வேலை. மனைவி டெஸ்டிங்கில் இருக்கிறார். நாலு வயதில் ஒரு பையன். டல்லாஸ், இப்போதைய கம்பெனியே எல்-1 விசாவில் அனுப்புவது. சிங்கப்பூர், பழைய மேனேஜர் கூப்பிடுவது. பெர்லின், அவனே தேடி ஐந்து ரவுண்டு இன்டர்வியூ தாண்டி வாங்கியது.

கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் அது முழுக்க வேலை இருக்கும் நாட்களுக்கான கணக்கு. நான் ஒரே ஒரு வரியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்: "வேலை போனால் எத்தனை நாள் அங்கே இருக்கலாம்?"

பட்டவன் கேட்கிற கேள்வி அது. நான் ஆறு வருடம் சிங்கப்பூரில் இருந்தேன். 2022 கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலண்டரில் திடீரென்று ஒரு பதினைந்து நிமிட மீட்டிங் முளைத்தது. பத்து நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. சிங்கப்பூரில் வேலை நின்றால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தாகும். கையில் மிஞ்சுவது 30 நாளுக்கு ஒரு தற்காலிகப் பாஸ். அதற்குள் வேறு வேலை, அந்த வேலைக்குப் புதுப் பாஸ், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி, மகள் இருவருடைய பாஸும் என் பாஸின் வாலில் கட்டியது. வீட்டு ஒப்பந்தத்தில், வேலை போய் ஊரை விட்டால் முன்கூட்டியே முறித்துக்கொள்ளலாம் என்கிற டிப்ளமேட்டிக் கிளாஸ் இருந்ததால் வாடகை விஷயத்தில் தப்பித்தோம். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் மீதி மாதங்களுக்கும் வீட்டுக்காரர் கேட்டிருப்பார். இன்னொன்று, வெளிநாட்டுக்காரர் வேலையை விட்டுப் போகும்போது வரிக்கணக்கு தீரும்வரை அவருக்குத் தரவேண்டிய பணத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பணம் அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் பணம் வராது. மகளின் சைக்கிளைப் பக்கத்து பிளாக்கில் ஒரு பெண் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, திருச்சிக்கு விமானம் ஏறினோம். அங்கிருந்துதான் பெர்லின் வேலை கிடைத்தது. இப்போது நான்காவது வருடம்.

அமெரிக்காவில் இந்தக் கெடு 60 நாள். எல்-1, அதிகம் பேர் போகும் ஹெச்-1பி வேலை விசா, இரண்டுக்கும் அதுதான். அனுமதிச் சீட்டின் தேதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். முப்பதுக்கு அறுபது இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால் அங்கே போனவர்கள் சும்மா இருப்பதில்லையே. முப்பது வருடக் கடனில் வீடு, இரண்டு கார், பிள்ளைக்கு நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அறுபது நாளில் இத்தனையையும் கலைக்க முடியாது. என் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப்பேர் அமெரிக்காவில்தான். 2023 தொடக்கத்தில் வரிசையாக லேஆஃப் வந்தபோது, "இன்னைக்கு நாள் 41" என்று ஒருத்தன் தினமும் எண்ணிக்கொண்டிருந்தான்.

எல்-1-இல் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த விசா அந்தக் கம்பெனிக்கு மட்டுமே. வேறு கம்பெனிக்குத் தாவ வேண்டுமென்றால் பெரும்பாலும் ஹெச்-1பி வாங்க வேண்டும். அதற்கு வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000, மார்ச்சில் குலுக்கல், அக்டோபரில்தான் வேலை. அறுபது நாளில் எங்கே போய் அக்டோபரைப் பிடிப்பது?

ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதி வைத்திருப்பவருக்கு வேலை போனால் குறைந்தது மூன்று மாதம், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தவருக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. ஐரோப்பிய விதியே அப்படி. அது தவிர, கடைசி 30 மாதத்தில் 12 மாதம் வேலையின்மைக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டியிருந்தால், கையில் வாங்கிய சம்பளத்தில் 60 சதவீதம் வேலையில்லாப் படியாக வரும், குழந்தை இருந்தால் 67 சதவீதம். ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அதிகபட்சம் ஒரு வருடம் கிடைக்கும். நோட்டீஸ் பீரியடும் ஒப்பந்தங்களில் மூன்று மாதம் என்றே பெரும்பாலும் இருக்கும்.

ஆனால் முதல் ஆறு மாதம் இந்தச் சொர்க்கம் கிடையாது. ப்ரோபெட்ஸைட் என்கிற அந்தச் சோதனைக் காலத்தில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம், காரணமும் சொல்ல வேண்டாம். தம்பிக்கு வந்திருப்பது ஸ்டார்ட்அப் வேலை. அதனால் முதல் ஆறு மாதம் தாம்பரம் ஃபிளாட்டைக் காலி செய்யாதே, மனைவியை வேலையை விடச் சொல்லாதே, சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கச் சொல் என்று எழுதினேன்.

சரி, பணத்துக்கு வருவோம். இதில் அமெரிக்காவை யாரும் தொட முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்கில் சாஃப்ட்வேர் டெவலப்பரின் நடுத்தரச் சம்பளம் வருடத்துக்குச் சுமார் 1,33,000 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரியும் கிடையாது. சிங்கப்பூரில் சம்பளம் குறைவு, ஆனால் வரி நம்ப முடியாத அளவு கம்மி. மாதம் 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதாவது வருடம் 96,000 வெள்ளி வாங்குபவர் கட்டும் வருமான வரி ஐயாயிரத்துச் சொச்சம். மிச்சப்பட்டதை வீட்டு வாடகை வாங்கிக்கொள்ளும். இரண்டு படுக்கையறை வீவக வீடே, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடே, மாதம் மூவாயிரத்தை ஒட்டி வரும்.

பெர்லின் இந்தப் பந்தயத்தில் கடைசி. வருடம் 70,000 யூரோ என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால், தனி ஆளுக்கு மாதம் கையில் வருவது சுமார் 3,500. மனைவிக்கு வருமானம் இல்லாமல் மூன்றாம் வரி வகுப்பில் இருந்தால் நாலாயிரத்தை ஒட்டி வரும். முதல் பேஸ்லிப்பைப் பார்த்து நான் தப்பாகப் பிடித்துவிட்டார்கள் என்று ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன். தப்பில்லை. பென்ஷன், மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடித்தம். அப்புறம் வாடகை வீட்டில் சமையலறை என்று ஒன்று இருக்கும், உள்ளே பொருத்திய சாமான்கள் பல வீடுகளில் இருக்காது. முன்னால் இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அதையும் நாம்தான் வாங்கிப் பொருத்த வேண்டும்.

பிடித்ததெல்லாம் போன காசு என்றும் சொல்ல முடியாது. இந்தியாவும் ஜெர்மனியும் செய்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதனால் பென்ஷன் தகுதிக்கு இரண்டு நாட்டுக் காலத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவோடு இந்தியாவுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. சோஷியல் செக்யூரிட்டிக்குச் சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிப்பார்கள். பத்து வருடக் கணக்கு சேராமல் திரும்பி வந்தால் அந்தப் பென்ஷன் இல்லை.

மனைவிக்கு வேலை என்பதைத் தம்பி ஷீட்டிலேயே போடவில்லை. இதில் அவனுக்கு டல்லாஸ் நல்லது. எல்-1 ஆளின் துணைக்கு அங்கே தனி அனுமதி வாங்காமலே வேலை பார்க்கலாம், 2021 நவம்பரிலிருந்து அப்படி. இதுவே ஹெச்-1பி என்றால் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டும்வரை மனைவி வீட்டில்தான். ஜெர்மனியிலும் முதல் நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் சட்டம் கதவைத் திறந்தாலும் மொழி மூடிவிடும். ஆங்கிலத்திலேயே நடக்கும் டெஸ்டிங் வேலைகள் பெர்லின் ஸ்டார்ட்அப்களில் கொஞ்சம் உண்டு, அதைத் தாண்டினால் ஜெர்மன் கேட்பார்கள். மொழித் தேர்வு ஏ1-இல் தொடங்கிப் படிப்படியாக ஏறும்; என் மனைவி பி1 முடித்து, பி2 பாதியில் இருக்கும்போதுதான் முதல் வேலை கிடைத்தது. ஒன்றரை வருடம் ஆனது.

சிங்கப்பூர் இதில் மோசம். 2021 மே முதல் டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் துணை வேலை பார்க்கத் தனக்கென்று ஒரு பாஸ் வாங்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம், வயது கூடக்கூட அந்த வரம்பும் ஏறும். அதற்கு மேல் 2023-இல் வந்த காம்பஸ் புள்ளி முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். அதில் ஒரு வேடிக்கை. கம்பெனியின் உயர்நிலை ஊழியர்களில் கால்வாசியோ அதற்கு மேலோ ஏற்கெனவே நம் நாட்டுக்காரர்களாக இருந்தால், பன்முகத்தன்மை என்ற தலைப்பில் நமக்குப் பூஜ்யம். பழைய மேனேஜர் தன் பழைய டீமையே ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தால் எத்தனாவது ஆளாகப் போகிறோம் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதியில் மூன்று நாடும் மூன்று தினுசு. அமெரிக்காவில் வரிசை. வேலை வழி கிரீன் கார்டுகள் வருடத்துக்குச் சுமார் 1,40,000, எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. 2025-இல் இபி-2 என்கிற வேலைவழி கிரீன் கார்டுப் பிரிவில் இந்தியர்களுக்கு வந்திருந்த முறை, 2013 தொடக்கத்துக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு. பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரின் மனுவிலிருந்து அவன் கழன்றுவிடலாம். நாலு வயதுப் பையனை வைத்துக்கொண்டு இன்று வரிசையில் சேருபவன் அந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மேனேஜர் நிலையில் எல்-1ஏ-வில் போனால் வேறு பிரிவில் விண்ணப்பிக்கலாம், வரிசை சிறியது. தம்பி மேனேஜர் இல்லை.

சிங்கப்பூரில் வரிசை கிடையாது, விண்ணப்பம்தான். கிடைத்தால் கிடைத்தது, கிடைக்காவிட்டால் ஏன் என்று சொல்ல மாட்டார்கள். கிடைத்துவிட்டாலும், அப்பாவின் மூலம் நிரந்தரவாசியாகும் மகன் தேசிய சேவைக்குப் போக வேண்டும், முழுநேரமாக இரண்டு வருடம். பையனுக்குப் பதினேழாகும்போது நிரந்தரவாச உரிமையைத் (பி.ஆர்) திருப்பிக் கொடுத்துவிட்டு நழுவலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. பின்னாளில் அந்தப் பையன் அங்கே படிக்கவோ வேலைக்கோ வர நினைத்தால் அது குறுக்கே நிற்கும். மகள் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதனால் எங்கள் வீட்டில் இது பேச்சாகவே இருந்ததில்லை. தம்பி வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும்.

ஜெர்மனியில் தேதி தெரியும். ப்ளூ கார்டில் வேலை பார்த்து, ஏ1 அளவு ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர அனுமதி, பி1 இருந்தால் 21 மாதத்தில். ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது திருப்பதி தரிசன டிக்கெட்டை விடக் கஷ்டம் என்பது நிஜம்தான், இருந்தாலும் சட்டத்தில் எழுதியதைக் கடைசியில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த அட்டை கைக்கு வந்த அன்று, வேலை போனால் எத்தனை நாள் என்ற கேள்வியே எனக்கு இல்லாமல் போய்விட்டது. வேலை போகலாம், வீடு போகாது.

அம்மா அப்பா விஷயத்தில் சிங்கப்பூரை எதனாலும் ஈடுகட்ட முடியாது. திருச்சியிலிருந்து நாலு மணி நேரச் சொச்சம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த அன்று மதியம் செய்தி கேட்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தேன். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய், பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம், ரயில் நிலையப் பலகையில் தமிழ். பெர்லினில் சனிக்கிழமை வகுப்புதான், ஈழத்தமிழர்கள் பல ஊர்களில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகள் இல்லையென்றால் அதுவும் இல்லை. பெற்றோர் வந்தால் 90 நாள். 2024 மார்ச் 1 முதல் முதல் அனுமதி வாங்கிய திறன்பணியாளர்கள் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் கூட்டிவர வழி திறந்திருக்கிறார்கள், ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அங்கே மருத்துவக் காப்பீடு எடுப்பது பெரும்பாடு. அமெரிக்காவில் பெற்றோருக்கு விசிட் விசா, வழக்கமாக ஆறு மாதம்.

கனடாவும் இங்கிலாந்தும் ஷீட்டில் இல்லாததால் நானும் நீட்டவில்லை. அவனுக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவுதான். ஹெச்-1பி-யில் நேராக அமெரிக்கா போவதைப் பற்றி மட்டும் இன்னொரு தம்பி கேட்டான். 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் வைத்த பிறகு, சென்னையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண டெவலப்பருக்காக எந்தக் கம்பெனி அதைக் கட்டப்போகிறது?

தம்பி இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். "அண்ணா, டல்லாஸ் மூணே வருஷம்னு வெச்சுக்கிட்டா?" என்றான். வீடு வாங்காமல், கிரீன் கார்டை நினைக்காமல், பையன் ரெண்டாம் கிளாஸ் போவதற்குள் ஃபிளாட் கடனை அடைத்துவிட்டுத் திரும்பி வருவாய் என்றால் உன் மஞ்சள் சரிதான், போய்ட்டு வா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் அவன் மனைவி குரல் கேட்டது: "ஏ1 கிளாஸ் சனிக்கிழமை பேட்ச் இருக்கான்னு அவர்கிட்ட கேளுங்க."